மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர்களே,

கருவுற்ற பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கொடுக்கும் கையேடு என் தங்கை மூலமாக என் கைக்கு வந்தது. 'தவிர்க்க வேண்டியவை' என்ற பக்கத்தில் சிகரெட், மது, போதைப்பொருள் என்று வரிசையாகப் போட்டு, அடுத்த வரியில் 'மனச்சோர்வு மாத்திரைகள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. எந்த மாத்திரை, எவ்வளவு, யாருக்கு என்று ஒரு சொல் இல்லை. எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்றுகூட இல்லை.

தங்கை மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுவருபவள். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று இரவே மாத்திரையைப் போடாமல் விட்டுவிட்டாள். அடுத்த பரிசோதனையின்போது அதைத் தன் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாள். "நல்லதுதான், அப்படியே விட்டுடுங்க" என்று பதில் வந்திருக்கிறது. எதற்காகச் சாப்பிட்டாய், இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

எனக்கும் இதேதான் நடந்தது. என் மூத்த பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே வார்த்தைகள், அதே அவசரம். அதனால்தான் இந்தக் கடிதம். யார் மீதும் தனிப்பட்ட கோபத்தில் இதை எழுதவில்லை. உங்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் அந்தச் சொல்லைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு பெண்ணின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் பார்ப்பதில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

முதல் தடவை கருவுற்றபோது நான் செர்ட்ராலின் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு இரண்டு தடவை கடுமையான மனச்சோர்வு வந்து, அந்த மாத்திரையில்தான் எழுந்து நின்றிருந்தேன். வேலைக்குப் போனேன், சமைத்தேன், சிரித்தேன். மகப்பேறு மருத்துவர் என் பழைய மருந்துச்சீட்டை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த ஒரு வரியின் மேல் குறுக்கே கோடு போட்டார். "இதெல்லாம் இனி வேண்டாம். குழந்தை முக்கியம் இல்லையா?" என்றார். இதற்கு எந்தத் தாயால் 'இல்லை' என்று சொல்ல முடியும்? படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. என் மனநல மருத்துவருக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

முதல் வாரத்தில் தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் சொடுக்குவது போல இருக்கும். தூக்கம் போயிற்று, எரிச்சல் வந்தது. குமட்டலைக் கர்ப்பத்தின் மசக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். இந்த வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் இப்படி வரும் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் மாதிரியான மருந்துகளில் இன்னும் கடுமையாக இருக்கும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிறது என்று பயந்து செத்தேன்.

நிறுத்தியதால் வந்த அந்தத் தொந்தரவுகள் அடங்கின. அதற்கப்புறம்தான் நோய் திரும்பியது. அது சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு குளியலறையில் நிற்பேன், பேஸ்ட்டைத் திறக்கத் தோன்றாது. இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடந்தது. சாப்பாடு வாயில் மண்ணாக இருந்தது, எடை ஏறவில்லை. ஸ்கேனுக்குக் குறித்த நாளில் படுக்கையை விட்டு எழவில்லை, உடம்பு சரியில்லை என்று கணவரைச் சொல்லச் சொன்னேன். வயிற்றில் குழந்தை உதைக்கும்போது மற்ற பெண்களுக்கு என்னவோ சந்தோஷமாம். எனக்கு, 'நான் இல்லாமல் இருந்தால் இந்தக் குழந்தைக்கு நல்லது' என்ற நினைப்புதான் வந்தது. அந்த நினைப்பு ஆறாம் மாதத்துக்குப் பிறகு நினைப்பாக மட்டும் இல்லை. வழிமுறைகளை யோசிக்க ஆரம்பித்திருந்தேன். என் கணவர் அதைக் கண்டுபிடித்து அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனதால் இதை எழுத நான் இருக்கிறேன்.

இந்தக் காலம் முழுக்க நான் உங்கள் பரிசோதனைக்கு வந்துகொண்டுதான் இருந்தேன், சில தடவை தவறியிருந்தாலும். ஒருமுறைகூட என் மனசைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. தாய்மார்களின் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று 1987 முதல் இருக்கிறது. பத்தே கேள்விகள், காத்திருக்கும் அறையிலேயே நிரப்பிவிடலாம். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அந்தத் தாள் ஒரே ஒரு தடவை என் கையில் கொடுக்கப்பட்டிருந்தால் ஆறாம் மாதம் வரை போயிருக்காது.

இது என் ஒருத்தியின் கதை, இதை வைத்து எல்லாருக்கும் சொல்ல முடியாது என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆய்வுகளையும் பார்ப்போம். 2006ல் லீ கோஹனும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் 201 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கர்ப்ப காலத்தில் மாத்திரையை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு. 2011ல் வந்த இன்னொரு ஆய்வில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிறப்பு மையங்களுக்கு வந்த, நோய் கடுமையாக இருந்த பெண்கள். இரண்டாவது ஆய்வில் இருந்தவர்கள் பொதுவாக மகப்பேறு மருத்துவமனைகளுக்கு வந்த பெண்கள். அந்த இரண்டாவது ஆய்வும், முன்பு நான்கு தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றுதான் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். சிலர் நிறுத்தினாலும் தாக்குப்பிடிப்பார்கள், சிலர் விழுந்துவிடுவார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரிய அந்தப் பெண்ணின் பழைய கதையைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் போட்ட கோடுதான் என் பிரச்சினை.

நீங்கள் பயப்படுவது குழந்தைக்காக. அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. குழந்தை என்னுடையது, அந்தப் பயம் எனக்கு உங்களைவிட அதிகம். ஆனால் ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணை எங்களுக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் இதயக் குறைபாடு. 2014ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்பதரை லட்சம் கர்ப்பங்களை எடுத்துப் பார்த்தது. முதல் மூன்று மாதத்தில் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு இதயக் குறைபாடு மேலோட்டமான கணக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. மனச்சோர்வையும் அதோடு கூடவரும் மற்றக் காரணங்களையும் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மாத்திரை எதுவும் சாப்பிடாத பெண்களின் குழந்தைகளிலும் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஏதாவது ஒரு பிறவிக் குறைபாடு இருக்கத்தான் செய்கிறது. அதையும் எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் குழந்தைக்கு எது வந்தாலும் 'நான் சாப்பிட்ட மாத்திரைதான்' என்று தாய் தன்னையே வாழ்நாள் முழுக்கக் குத்திக்கொள்கிறாள்.

பராக்ஸெட்டின் விஷயத்தில் எச்சரிக்கை உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். 2005ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. பிறகு வந்த ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனாலும் புதிதாக ஒரு மருந்தைத் தொடங்கும்போது அதைத் தவிர்ப்பது நல்லது என்பது பொதுவான வழக்கம். இது ஒரு மருந்தைப் பற்றிய செய்தி. இதை வைத்து எல்லா மாத்திரைக்கும் சிவப்புக் குறி போட முடியாது.

அடுத்து, பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் குறையாமல் இருக்கும் நிலை. கடைசி மாதங்களில் இந்த மாத்திரை சாப்பிட்டால் இது கூடும் என்று 2006ல் ஒரு ஆய்வு வந்து பெரும் பீதியைக் கிளப்பியது. 2015ல் முப்பத்தேழு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பார்த்த ஆய்வில், மாத்திரை சாப்பிடாதவர்களின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கும், எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை (செர்ட்ராலின், பராக்ஸெட்டின் எல்லாம் இந்த வகைதான்) சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கும் இந்த நிலை இருந்தது. மற்றக் காரணங்களைக் கழித்தால் அந்த இடைவெளியும் இன்னும் சுருங்கியது. கடுமையான நிலைதான், ஆனால் அரிது. 'மூச்சு விட முடியாமல் போகும்' என்று ஒரு கர்ப்பிணியிடம் சொல்வதற்கும், 'ஆயிரத்தில் 997 குழந்தைகளுக்கு இது வராது' என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம்! தங்கையிடம் சொல்லப்பட்டது முதல் வாக்கியம்.

உண்மையிலேயே அடிக்கடி வருவது வேறொன்று. பிறந்த முதல் இரண்டு நாட்களில் சில குழந்தைகள் நடுங்கும், விடாமல் அழும், பால் குடிக்கத் தடுமாறும், வேகமாக மூச்சு விடும். மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இது லேசாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ வரலாம். பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். கவனித்துக்கொண்டால் போதும். இது வராமல் இருக்கட்டும் என்று கடைசி மாதத்தில் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அப்படிக் குறைப்பதால் குழந்தைக்கு நன்மை என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. தாய்க்கோ அந்த நேரம்தான் நோய் திரும்ப மிக வசதியான நேரம்.

ஆட்டிசம் பற்றிய பேச்சுதான் பெற்றோரை ரொம்பவும் உலுக்குகிறது. ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளில், மாத்திரை சாப்பிட்டபோது வயிற்றில் இருந்த குழந்தையையும் சாப்பிடாதபோது இருந்த குழந்தையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் 2017ல் வெளிவந்தன. அந்த ஒப்பீட்டில் ஆட்டிசத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பு தென்படவில்லை. முந்தைய ஆய்வுகளில் தெரிந்த தொடர்பில் பெரும்பகுதி, தாயின் நோயும் குடும்பத்தில் வரும் பாரம்பரியமும் காட்டிய நிழல் என்றே தோன்றுகிறது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு சற்றுக் கூடலாம் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021ல் சொன்னது. அதுவும் சரிதான், பிரசவ அறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தகவல். தெரிந்தால் தயாராக இருப்பார்கள். தாய் பயந்து மாத்திரையை மறைத்துச் சாப்பிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி மறைத்துச் சாப்பிடும் பெண்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் தராசின் ஒரு தட்டு. இன்னொரு தட்டை ஏன் வைக்கவே மாட்டேன் என்கிறீர்கள்? சிகிச்சை இல்லாத மனச்சோர்வும் குழந்தையைத் தொடும். குறைமாதப் பிரசவத்தோடும் எடை குறைந்த குழந்தையோடும் அது சேர்த்துப் பேசப்படுகிறது. சாப்பாடு, தூக்கம், பரிசோதனை, சத்து மாத்திரை எல்லாம் தடம் புரள்கின்றன. பிறந்த பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதல் பாதிக்கப்படுகிறது. பிரிட்டனில் தாய்மார்களின் இறப்பை விசாரிக்கும் குழு, பிரசவமாகி ஆறு வாரம் முதல் ஒரு வருஷம் வரையிலான நேரடிக் காரணங்களில் தற்கொலையே முதலிடம் என்று தொடர்ந்து சொல்லிவருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவருக்கும், பிரசவித்த தாய்மார்களில் நூற்றுக்குப் பதிமூன்று பேருக்கும் மனநலக் கோளாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி மனச்சோர்வு. உங்கள் ஒரு நாள் வரிசையிலேயே அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து பூஜ்யமாகிவிடும் என்பது போலப் பேசுகிறீர்கள். பூஜ்யம் ஆவதில்லை. ஒரு ஆபத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறீர்கள், வைத்ததை மட்டும் சொல்லாமல் விடுகிறீர்கள். வலிப்பு நோய் உள்ள பெண் கருவுற்றால் இப்படிப் பேனாவால் கோடு போடுவீர்களா? தைராய்டு மாத்திரைக்கு? நரம்பியல் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுவீர்கள், எந்த மருந்து, எவ்வளவு என்று கணக்குப் போடுவீர்கள். எங்கள் நோய்க்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை? மனசைத் திடமாக வைத்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் உள்ளுக்குள் எங்கோ இருப்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். தவறாக இருந்தால் திருத்துங்கள்.

கர்ப்பத்தில் எவ்வளவு பாதுகாப்பு என்று காட்ட மருந்துகளுக்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்துப் போட்டு வகைப்படுத்திய அட்டவணையை இன்னும் பலர் காட்டுகிறீர்கள். எனக்கும் காட்டினார்கள். 'சி என்றிருக்கிறது, பார்த்தீர்களா' என்றார்கள். அந்த எழுத்து முறையை உருவாக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே அது குழப்பத்தை உண்டாக்குகிறது என்று கண்டு கைவிட்டுவிட்டது. 2015 ஜூன் முதல் எழுத்துக்குப் பதில் விளக்கமாக எழுத வேண்டும் என்பது விதி. பழைய அட்டவணையை வைத்து ஒரு பெண்ணின் சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள்.

பால் கொடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு மனநல மருத்துவர் செர்ட்ராலினைத் திரும்பத் தொடங்கியிருந்தார். குழந்தை பிறந்த மறுநாள் வார்டுக்கு வந்த வேறொரு மருத்துவர், "மாத்திரையா, தாய்ப்பாலா, ஒன்றை முடிவு பண்ணுங்க" என்றார். அப்போது என் மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்தார்கள். நான் பாலைப் பிழிந்து, வார்டின் கைகழுவும் தொட்டியில் ஊற்றினேன். வெள்ளையாகச் சுழன்று வடிகாலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புட்டிப்பால் கொடுக்கும் தாய் குறைந்தவள் இல்லை. சிலருக்கு அதுதான் சரியான வழி, இரவு முழுக்கத் தூங்கினால்தான் உடம்பு தேறும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒருவேளை அதுவே சிகிச்சை. ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். என்னுடையது பிடுங்கப்பட்டது, அதுவும் தேவையே இல்லாமல்.

ஏன் தேவையில்லை என்றால், தாயின் உடல் எடைக்கேற்ற அளவில் எத்தனை சதவீதம் மருந்து குழந்தைக்குப் போகிறது என்று ஒரு கணக்கு உண்டு. பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்கலாம் என்பது நெடுநாளைய அளவுகோல். செர்ட்ராலினில் அது சில சதவீதம்தான், பல ஆய்வுகளில் அதற்கும் கீழே. பால் குடிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் தேடியபோது பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாத அளவில் இருந்தது. பராக்ஸெட்டினும் பாலில் மிகக் குறைவாகவே வரும். ஃபுளூவாக்ஸெட்டின் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அது உடம்பில் வாரக்கணக்கில் தங்குவது, அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் தேர்வாக வைப்பதில்லை. அதிலேயே குணம் கண்ட தாய்க்கு அதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. டாக்ஸெபின் என்ற மனச்சோர்வு மருந்து பால் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய ஒன்று, அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் கூடுதல் கவனம் வேண்டும், கல்லீரல் முதிர்ந்திருக்காது. மயக்கமாக இருக்கிறதா, பால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பார்க்கச் சொன்னால் எந்தத் தாயும் பார்ப்பாள். இவையெல்லாம் ரகசியமும் இல்லை. லாக்ட்மெட் என்ற இலவசத் தகவல்தளத்தில் ஒவ்வொரு மருந்தைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார்கள், போனில் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். வார்டுக்கு வந்தவரிடம் அந்த ஒரு நிமிஷம் இல்லை.

மருந்துக் கடைகளில் இருக்கும் மருந்தாளுநர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. சீட்டையும் என் கைக்குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பால் குடுக்குறீங்களா? அப்போ இது போடக்கூடாதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது கர்ப்பம் வேறு ஒரு மருத்துவரிடம். அவர் முதலில் கேட்டதே, "இந்த மாத்திரை இல்லாம இருந்தப்போ எப்படி இருந்தீங்க?" என்றுதான். சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். ஒரு பக்கம் மாத்திரை சாப்பிட்டால் வரக்கூடியவை, மறுபக்கம் சாப்பிடாவிட்டால் வரக்கூடியவை. எண்களோடு எழுதினார். தெரியாத இடத்தில் 'இதற்குச் சரியான பதில் இன்னும் இல்லை' என்றே எழுதினார். என் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்தார். மனநல மருத்துவரைப் போனில் பிடித்து மூன்று பேருமாகப் பேசினோம். முடிவு என்னுடையது. தொடர்வது என்று சொன்னேன். ஏழாம் மாதத்தில் பழைய கனம் லேசாகத் தலைகாட்டியது. கர்ப்பத்தில் உடம்பு மருந்தைக் கையாளும் விதம் மாறும், ரத்தத்தில் அதன் அளவு குறையலாம் என்று விளக்கி டோஸைக் கூட்டினார்கள். பிரசவமான பிறகு குழந்தையைக் கூடுதலாகக் கவனித்தார்கள். மகள் முதல் மூன்று நாள் கொஞ்சம் நடுங்கினாள், வீறிட்டு அழுதாள். எனக்கு முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகும்போது சரியாகிவிட்டது. பாலும் கொடுத்தேன், மாத்திரையும் சாப்பிட்டேன்.

அந்த மருத்துவர் அபூர்வமான எதையும் செய்யவில்லை. ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரம். அவரிடமும் வெளியே நீண்ட வரிசை இருந்தது.

எல்லாரும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமாக இருக்கலாம். நீண்ட நாள் நலமாக இருக்கும் ஒரு பெண், கருவுறுவதற்கு முன்பே மெதுவாகக் குறைத்துப் பார்க்க விரும்பலாம். மனச்சோர்வும் அதீத உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு இருந்தால் மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது நிலைமையைக் கெடுத்துவிடலாம், அதை முதலில் விசாரித்தாக வேண்டும். இருமுனைக் கோளாறுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் மாதிரி கர்ப்பத்தில் உண்மையிலேயே ஆபத்தான மருந்துகளும் மனநலச் சீட்டுகளில் இருக்கின்றன, அவற்றுக்கு நீங்கள் கோடு போடுவது சரி, அதையும் மனநல மருத்துவரோடு பேசி, உடனே மாற்று ஏற்பாட்டோடு போடுங்கள். இதைப் படிக்கும் பெண்களும் இந்தக் கடிதத்தை நம்பி மாத்திரையைத் தானாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் இன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் துறையே இதைச் சொல்லியாகிவிட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2023 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பம் என்பதாலோ பால் கொடுப்பதாலோ மட்டும் மனநல மருந்துகளைத் தராமல் இருக்கவோ நிறுத்தவோ கூடாது என்று எழுதியிருக்கிறது. ஏற்கெனவே ஒரு மருந்தில் நன்றாக இருப்பவர் அதையே தொடரலாம் என்கிறது. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014லேயே, ஆபத்துகளை இரு பக்கமும் விளக்கி, பெண்ணோடு சேர்ந்து முடிவெடுக்கச் சொன்னது. ஒரு சாதாரணத் தாயால் இதைத் தேடிப் படிக்க முடிகிறது என்றால், உங்களுக்கு இது எட்டாத தூரத்தில் இல்லை.

ஆகவே, மருத்துவர்களே, நான் கேட்பது இவைதான். அந்தக் கையேட்டை அச்சடித்தவர்கள் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில், 'மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் தானாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் பேசவும்' என்று போடுங்கள். ஏற்கெனவே கொடுத்தனுப்பிய பிரதிகளை வைத்திருக்கும் பெண்களுக்கும் திருத்தம் போய்ச் சேர வேண்டும். அவர்களில் எத்தனை பேர் என் தங்கையைப் போல மாத்திரையை விட்டார்களோ தெரியாது.

மனநல மருத்துவர் எழுதிய மருந்தை, அவரோடு பேசாமல் யாரும் நிறுத்தக் கூடாது என்று உங்கள் மருத்துவமனைகளில் விதியாகவே வையுங்கள். நிறுத்துவது என்று முடிவானால் படிப்படியாக, யார் கண்காணிப்பது, நோய் திரும்பினால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிக்கொடுங்கள். கர்ப்பத்தில் ஒரு தடவையாவது, பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது அந்தப் பத்துக் கேள்வித் தாளை ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுங்கள். பத்தாவது கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால் அன்று அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எடையும் ரத்த அழுத்தமும் எழுதும் அந்த அட்டையிலேயே அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

பிரசவ வார்டில் இருக்கும் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் எந்த மாத்திரையோடு பால் கொடுக்கலாம் என்ற பட்டியலைக் கொடுங்கள், வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பியுங்கள். 'மாத்திரையா, பாலா' என்று தாயிடம் கேட்பதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே வந்து இதைப் பேச ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாத்திரையைப் பற்றிய முடிவு பரிசோதனை அறையில் இரண்டு நிமிஷத்தில் எடுக்கப்பட வேண்டியது இல்லை.

என் தங்கைக்கு அடுத்த வாரம் பரிசோதனை. மனநல மருத்துவரின் கடிதம் அவள் பையில் இருக்கிறது. அதை வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு அவளிடம் கேளுங்கள், எப்படி இருக்கிறாய் என்று. பதில் சொல்லி முடிக்கும் வரை அடுத்த எண்ணைக் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்